நாற்பதுக்கு மேல் வேண்டாம்

சின்ன பட்ஜெட்டில் ஹோம் தியேட்டர் வாங்குகிறவர்கள் செய்கிற முதல் தப்பு, எல்லாவற்றையும் ஒரே அட்டைப்பெட்டியில் போட்டு விற்கிறார்களே, அந்த செட்டை வாங்கிவிடுவதுதான். ஐந்து ஸ்பீக்கர், கனத்த சத்தத்துக்கென்று ஒரு சப்வூஃபர், பார்க்க லட்சணமாக இருக்கும், விலையும் மலிவு. வீட்டில் கொண்டுவந்து போட்டால் தகர டப்பாவுக்குள் தவளை கத்துகிற மாதிரி இருக்கும். நீங்களும் ஒன்று வாங்கும் யோசனையில் இருப்பதாக டீ கொடுக்கும்போது சொன்னீர்கள். அதனால்தான் சார், இதிலிருந்து ஆரம்பிக்கிறேன். அண்ணன் விஷயத்துக்கும் இந்த வழியாகத்தான் போக வேண்டும்.

காது சம்பந்தப்பட்ட எதிலும் என் பேச்சை நீங்கள் நம்பலாம். இருபத்திரண்டு வருஷமாக மருத்துவமனையில் காது சோதிக்கிற வேலை. சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் நோயாளி உட்கார்ந்திருப்பார், காதில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான். சத்தம் கேட்டால் அவர் அமுக்க வேண்டும். மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டே போவேன். ஒரு சத்தத்தை மூன்று தரம் கொடுத்து, இரண்டு தரமாவது அமுக்கினால்தான் கேட்டது என்று எழுதுவேன். ஒரு தரம் அமுக்கினால் அது கணக்கில் சேராது. மனுஷக் காது ஆசைக்காரக் காது சார், இல்லாததையும் கேட்டதாகச் சொல்லும். கூட வேலை பார்க்கிறவர்கள் எனக்கு ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று பெயர் வைத்து, அவ்வளவு நீளமாகக் கூப்பிட நேரமில்லாமல் ‘சங்கு’ என்று நிறுத்திக்கொண்டார்கள். நானும் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டேன்.

அண்ணன் சைக்கிள் கடை வைத்திருந்தார். அப்பா போனபோது எனக்குப் பத்து வயசு, அவருக்குப் பத்தொன்பது. ஊரில் உள்ள டியூப்புக்கெல்லாம் பஞ்சர் ஒட்டித்தான் என்னைப் படிக்கவைத்தார். இதை நீங்கள் கேட்காமலே சொல்கிறேன், பின்னால் யாராவது சொல்லி நான் மறைத்ததாக ஆகிவிடக் கூடாது. ஆறு வருஷத்துக்கு முன்னால் கடைப் பலகையைக் கழற்ற ஏணியில் ஏறி விழுந்தார். கழுத்தில் அடி. பிறகு அவர் உடம்பில் அவர் சொன்ன பேச்சைக் கேட்டது வலது கட்டை விரல் ஒன்றுதான். குரலும் பக்கத்தில் குனிந்தால்தான் கேட்கும். ஆனால் மனுஷர் அசரவில்லை. கடையில் மிஞ்சியிருந்த சைக்கிள் மணியைக் கட்டில் கம்பியில் முடுக்கச் சொல்லி, விரலுக்கு எட்டுகிற மாதிரி வைத்துக்கொண்டார்.

அந்த மணிதான் எங்கள் வீட்டின் அரசாங்கம். ஃபேனைக் குறைக்க ஒரு மணி, கூட்ட ஒரு மணி. குறுக்கெழுத்தில் ஒரு வார்த்தை அகப்பட்டால் மணி, அகப்படாவிட்டாலும் மணி. ஒருநாள் நான் குளித்துக்கொண்டிருந்தேன், சோப்பு நுரையோடு ஓடினால், “ஒண்ணுமில்லடா, ஒரு ஜோக்கு ஞாபகம் வந்துச்சு” என்கிறார். ஜோக்கும் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் போகாமல் இருக்க முடியாது. அவரால் தானாக இரும முடியாது. சளி தொண்டையில் அடைத்துவிட்டால் ஆளை ஒருக்களித்துப் புரட்டி, முதுகில் தட்டி, சின்ன மெஷினை வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். இரண்டு நிமிஷத்துக்குள் செய்ய வேண்டும் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த நர்ஸம்மா கண்ணை உருட்டிச் சொல்லியிருந்தார். ஒரு நாளைக்கு முப்பது தரம் மணி அடித்தால் சளிக்கான மணி ஒன்றோ இரண்டோ இருக்கும். எது ஜோக்கு, எது சளி என்று போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

ஆகவே ஆறு வருஷமாக நான் ஒரு படத்தைக்கூட முழுசாகப் பார்த்ததில்லை. கொலைகாரன் யார் என்று தெரியாமலே எத்தனை படம் போய்விட்டது! என் மனைவி சீரியல்கூடப் பார்ப்பதில்லை. மணி அடித்தால் எனக்கு முன்னால் அவள் அங்கே நிற்பாள், ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பக்கத்தில் ஒருவர் முகம் சுளிக்காமல் இருந்தால் நமக்கும் சுளிக்க வழியில்லாமல் போகிறது. அது ஒரு தனி எரிச்சல். எனக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது சார். ஒரு படம், நல்ல சத்தத்தில், முதலிலிருந்து கடைசிவரை. விரலுக்கேற்ற வீக்கம்தான்.

பழைய சாமான் வாங்கினால் பாதி விலையில் நல்லது கிடைக்கும், இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்க்கெட் பின்சந்தில் ஒருவர் இருக்கிறார், கழுத்தில் எப்போதும் நாலு வயர் தொங்குவதால் பெயரே ‘வயர்’. சத்தத்தைப் பிரித்துக் கொடுக்கிற நல்ல ரிசீவர் ஒன்றும் முன்பக்கத்துக்கு மூன்று ஸ்பீக்கரும் எடுத்து வைத்தார். நடு ஸ்பீக்கரில்தான் வசனம் வரும், அதில் காசைச் சுருக்காதீர்கள் என்றார். பின்பக்க ஸ்பீக்கர் மெதுவாக வாங்கிக்கொள்ளலாம். எல்லாம் சரி, சப்வூஃபரில் இடித்தது. அவர் காட்டியது சின்னது. எனக்குப் பெரியது வேண்டும் என்றேன்.

“சார், உங்க ஹால் தீப்பெட்டி சைஸு. இதைப் போட்டா பாத்திரம் எல்லாம் ஆடும்” என்றார்.

“ஆடட்டும்.”

“பட்ஜெட்டு பட்ஜெட்டுன்னு வந்தீங்க, இதுல கொண்டுபோய்க் கொட்டறீங்களே?”

கனத்த சத்தம் மெல்லிய சத்தத்தைத் தின்றுவிடும். பெரிய லாரி போகும்போது எதிரில் நிற்கிறவன் பேசுவது கேட்காது இல்லையா, அவ்வளவுதான் விஷயம். இதை வயரிடம் விளக்கிக்கொண்டிருக்கவில்லை.

பெரிய சப்வூஃபருக்குப் பணம் இடித்ததை வீட்டில் வந்து புலம்பினேன். மணி அடித்தது. போனேன்.

“கொல்லையில கம்ப்ரசர் கிடக்குல்ல, அதை வித்துரு” என்றார் அண்ணன். கடையில் காற்றடிக்கிற மெஷின். கடையை விற்றபோதுகூட அதை மட்டும் கொடுக்காமல் வைத்திருந்தார்.

“அது எதுக்குண்ணே...”

“நான் எந்திரிச்சு எவன் டயருக்குக் காத்தடிக்கப்போறேன்? காத்தடிக்கிற மெஷினை வித்து சத்தம் போடற மெஷினை வாங்குவோம். நீ ஒரு படம் பார்றா. உன் மூஞ்சியப் பாக்கவே பாவமா இருக்கு.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இது நிஜம். பெரிய சப்வூஃபர் வந்தது அப்படித்தான்.

பில் போடும்போது வயர், ஏதாவது ஒன்று இனாமாகத் தருகிறேன் என்றார். வயர் இல்லாத காலிங் பெல் ஒன்று வைத்திருந்தார். அமுக்கினால் அடுத்த அறையில் சத்தத்தோடு சிவப்பு விளக்கும் மின்னும். அது வேண்டாம் என்றால் தடிமனான ஸ்பீக்கர் வயர் பத்து மீட்டர். நான் வயரை எடுத்துக்கொண்டேன். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு யோசித்த கதையாக நல்ல ஸ்பீக்கருக்கு நூல் மாதிரி வயர் போடுகிறவர்கள் உண்டு. அந்தத் தப்பையும் செய்யாதீர்கள்.

சாமானெல்லாம் மாட்டி முடித்த அன்றே ஒரு சோதனை வைத்தேன். தொழில் புத்தி.

“என்னடா, எனக்கும் டெஸ்ட்டா?” என்றார் அண்ணன்.

“உங்களுக்கு இல்லண்ணே, எனக்கு. நான் படத்தைப் போட்டுட்டு ஹால்ல உக்காந்திருப்பேன். நீங்க மூணு தரம் மணி அடிங்க, இஷ்டத்துக்கு இடைவெளி விட்டு அடிங்க. எத்தனை கேட்டுச்சுன்னு வந்து சொல்றேன்.”

குழந்தை மாதிரி சந்தோஷம் அவருக்கு. சண்டைக் காட்சி ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். வால்யூம் முப்பதில் மூன்று மணியும் கேட்டது. முப்பத்தைந்திலும் மூன்று. நாற்பதில் இரண்டு. நாற்பத்திரண்டில் ஒன்று. நாற்பத்தைந்தில் ஒன்றும் இல்லை. போய் “பூஜ்யம்” என்றேன்.

“மூணும் நல்லா இழுத்து அடிச்சேனேடா!” என்று சிரித்தார். “அப்ப நாப்பத்தஞ்சு வெச்சா நான் காலி. சீட்டு எழுதி ஒட்டிரு, மறந்துருவ.”

மேஜைமேல் கவருக்குள் வைத்திருக்கிறீர்களே, ‘நாற்பதுக்கு மேல் வேண்டாம்’, அது என் கையெழுத்துதான். நானே ரிமோட்டின் முதுகில் ஒட்டினேன். மூன்றுக்கு இரண்டு கேட்கிற கடைசி இடம் நாற்பது. எங்கள் தொழில்முறைப்படி சரியான எண்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவி அவள் அக்கா வீட்டுக்குப் போனாள். ஆறு வருஷத்தில் முதல் தடவை. நான்தான் வற்புறுத்தி அனுப்பினேன். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, “மாமாவுக்குக் காலையிலேருந்து சளி கொஞ்சம் கட்டியிருக்குங்க, மணி அடிச்சா உடனே போங்க. நாப்பதுக்கு மேல வெச்சுராதீங்க” என்றாள். தலையாட்டினேன். அவள் போனபிறகு அண்ணனுக்குச் சாப்பாடு ஊட்டி, வாயைத் துடைத்து, தலையணையைச் சரிசெய்தேன். “போ, போய் படம் பாரு. நான் தொந்தரவு பண்ண மாட்டேன்” என்றார். கதவைச் சாத்தினேன்.

படத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கடல் சண்டைப் படம், இரண்டு மணி இருபது நிமிஷம். புயல், பீரங்கி, மறுபடி புயல். தற்செயலாக எடுத்த படமா என்றால், இல்லை. ஒரு வாரமாக மருத்துவமனையில் சாப்பாட்டு இடைவேளையில் ஹெட்போன் போட்டு ஏழெட்டுப் படங்களை ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். கதையைப் பார்க்கவில்லை, கதை தெரிந்தால் சுவாரசியம் போய்விடும். சத்தமில்லாத இடங்கள் எங்கெங்கே வருகின்றன என்று மட்டும் பார்த்தேன். இந்தப் படத்தில் ஒரே ஓர் இடம்தான். தளபதி தன் மகளுக்குக் கடிதம் எழுதுகிறார், நாற்பது நொடி.

வால்யூமை நாற்பத்தைந்தில் வைத்தேன். நாற்பதில் படம் பார்ப்பது ஹோட்டல் கண்ணாடிக்கு வெளியே நின்று சாப்பிடுகிறவனைப் பார்ப்பது மாதிரி. எடுத்தவர்கள் எப்படிக் கேட்க வேண்டும் என்று நினைத்து எடுத்தார்களோ அப்படிக் கேட்பதுதான் மரியாதை. வயர் சொன்னது உண்மை, அலமாரியில் பாத்திரமெல்லாம் ஆடியது. முதல் புயல் வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறு வருஷத்தில் அப்படி ஒரு மத்தியானம் எனக்கு வாய்க்கவில்லை சார், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா, ‘தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டேன், ஜன்னல் வழியாக மணி விடாமல் அடித்தது, பிறகு விட்டு விட்டு அடித்தது, மேலே ஓடிப்போய்க் கதவைத் தட்டினேன்’ என்று சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்கிறவர் இல்லை. தட்டியிருப்பார். நான் படத்தைக் கடைசிவரை பார்த்தேன். கப்பல் கரை சேர்ந்தது, தளபதி சேரவில்லை. பெயர்கள் ஓடி முடிகிறவரை உட்கார்ந்திருந்தேன், அதற்குப் பிறகுதான் அறைக்குப் போனேன். கட்டை விரல் மணிமேல்தான் இருந்தது.

மணிச் சத்தம் உங்களுக்குக் கேட்டதா இல்லையா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். சரி, ஒளிக்காமல் சொல்கிறேன். அந்தக் கடிதக் காட்சியில், தளபதி பேனாவை மையில் தோய்க்கும்போது, ஒரு தரம் கேட்டது. இழுத்து அடித்த மணி இல்லை, பாதியில் விட்ட மணி. ஆனால் ஒரு தரம் கேட்டதை நாங்கள் கேட்டதாக எழுதுவதில்லை என்று ஆரம்பத்திலேயே சொன்னேன், மூன்றுக்கு இரண்டு வேண்டும். இன்னொரு தரம் கேட்டுவிட்டால் எழுந்து போக வேண்டியிருக்குமே என்று ரிமோட்டை எடுத்து ஐம்பதில் வைத்தேன். அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை.

அதனால் எனக்குக் கேட்கவில்லை என்றே எழுதிக்கொள்ளுங்கள் சார். முறைப்படி அதுதான் சரி.