பனி வராத காலை

வானிலை அறிக்கை பார்ப்பதில் நான் செலவழித்த நேரத்தை வேறு எதிலாவது போட்டிருந்தால் ஏதாவது உருப்படியாகக் கற்றிருப்பேன் என்று என் மனைவி ரதிதேவி சொல்வாள். காற்று எந்தப் பக்கம், ஈரப்பதம் எவ்வளவு, மேகம் எந்த உயரத்தில் என்று பார்க்காமல் நான் படுக்கப் போவதில்லை. நிலக்காட்சிப் படம் எடுக்கிறவர்கள் எல்லோருமே இப்படித்தான். ஒளி நம் சொல் கேட்பதில்லை. அதனால் காத்திருக்கப் பழகிக்கொள்கிறோம்.

எனக்கு ஆங்கிலம் தெரியும். பாபகூராவில் வீடு, நகரத்தில் கட்டட வரைபட வேலை, எல்லாம் ஆங்கிலத்தில்தான் ஓடுகிறது. ஆனாலும் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நான்தான் கேட்டேன். யோசித்துப் பேச வேண்டியதை யோசிக்கிற மொழியில் பேசுவதுதான் நல்லது. மொழிபெயர்க்கிற அம்மா, நான் மெதுவாகவே சொல்கிறேன். நீங்கள் அவசரப்பட வேண்டாம்.

ரங்கநாதனை ஒனிஹங்காவில் எங்கள் ஒளிப்படக் கழகத்தில் சந்தித்தேன். மதுரைக்காரர், கணினி வேலை. என்னைவிட இளையவர், 'அண்ணே' என்று கூப்பிடுவார். நல்ல மனிதர் என்று எல்லோரும் உங்களிடம் சொல்லியிருப்பார்கள். அது உண்மை.

அவருக்கு ஒளி வாய்த்திருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒருநாள் இரண்டு பேரும் மனுக்காவ் கடற்கரையில் முக்காலிகளை ஊன்றி நின்றோம். பகல் முழுக்கச் சாம்பல் வானம். இனி ஒன்றும் வராது என்று நான் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு காருக்குப் போய்விட்டேன். கதவைச் சாத்தியபோது மேற்கே மேகம் கிழிந்து, வற்றிக் கிடந்த சேற்றுவெளி முழுவதும் செம்பாகியது.

"அண்ணே, ஓடி வாங்க" என்று அவர் கத்தினார்.

நான் ஓடிப்போய் முக்காலியை விரிப்பதற்குள் மூடிவிட்டது. அவர் தன் கமராவை என்னிடம் நீட்டி, "நான் எடுத்ததுல எது வேணுமோ நீங்க வச்சுக்கங்கண்ணே" என்றார். பகிடி இல்லை, உண்மையாகவே சொன்னார்.

என் படங்களைப் பற்றிக் கழகத்தின் நடுவர் ஒருமுறை எல்லோர் முன்னாலும் சொன்னார்: எல்லாம் சரியான இடத்தில் இருக்கிறது, வானிலையைத் தவிர. சபை சிரித்தது. ரங்கநாதன் சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்தார். சிரித்தவர்களை எப்போதோ மறந்துவிட்டேன். அந்தக் கையின் பாரம் மட்டும் இன்னும் தோளில் இருக்கிறது.

புக்கெகோஹியில், வெங்காய வயல்களுக்கு நடுவே ஒரு சாலை பள்ளத்தில் இறங்கி ஏறுகிறது. ஒரு பக்கம் காற்றைத் தடுக்க நட்ட உயரமான மரங்கள். பள்ளத்தில் மூடுபனி நிறைந்திருக்கும் காலையில் சூரியன் அந்த மரங்களுக்குள்ளால் வந்தால், ஒளி கம்பி கம்பியாக இறங்க வேண்டும். அதற்காகக் குளிர்காலம் குளிர்காலமாகப் போய் நின்றேன். பனி வந்த நாளில் சூரியன் வராது. சூரியன் வந்த நாளில் பள்ளம் துடைத்த மாதிரி இருக்கும்.

ஒரு காலை, பக்கத்து வயலில் யாரோ காய்ந்த சருகை எரித்தார்கள். புகை கீழே வழிந்து பள்ளத்தில் படுத்தது. நான் வருடக்கணக்காகக் காத்திருந்த ஒளி, ஒரு தோட்டக்காரனின் குப்பையில் வந்து இறங்கியது. கமராவை எடுப்பதற்குள் காற்று கலைத்துவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது.

அடுத்த கிழமை, பாதியாக வெட்டிய தகரப் பீப்பாய் ஒன்றையும் நனைத்த வைக்கோலையும் கொண்டுபோய் வேலிக்குப் பின்னால் வைத்து மூட்டிப் படம் எடுத்தேன். அன்று சூரியனும் வந்தது. அந்தப் படத்துக்குத்தான் கழகத்தின் பரிசு கிடைத்தது. காத்திருந்தவருக்கு இயற்கை கொடுத்தது என்று அதே நடுவர் சொன்னார். செயற்கையாக எதையும் சேர்க்கக்கூடாது என்பது கழகத்தின் விதி. என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

வாகனத் தரிப்பிடத்தில் ரங்கநாதன் என் பக்கத்தில் வந்தார்.

"அண்ணே, அது பனி இல்லதானே? பனி வெள்ளையா இருக்கும். இதுல நிழல் பக்கம் நீலம் தட்டுது."

நான் கார்க் கதவைத் திறந்தேன்.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்ணே. ஆனா சூப்பர் ஐடியா. அடுத்த தடவ போறப்ப என்னையும் கூட்டிட்டுப் போங்க."

அவர் சொன்னபடியே யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யார் அந்தப் படத்தைப் புகழ்ந்தாலும் அவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். அது அவருடைய வழக்கமான சிரிப்பாகவே இருந்திருக்கலாம். ஒருவர் உங்களை மிரட்டினால் எதிர்த்து நிற்கலாம். மன்னித்துவிட்டவரோடு என்ன செய்வது? அவர் உயிரோடு இருக்கும்வரை அந்தப் பரிசு அவர் எனக்குப் போட்ட பிச்சையாகத்தான் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்றுதான் சொல்கிறேன். திட்டம் போட்டேன் என்று எழுதிவிடாதீர்கள்.

அந்தக் காலை அவரை நானே அந்தப் பள்ளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். காரில் ஏறும்போது அவர் மனைவி பாக்யலட்சுமி எங்கள் இரண்டு பேருக்கும் இட்லி கட்டித் தந்தார். என் பங்கில் காரம் குறைவு என்று தனியாகச் சொன்னார். போகும் வழியெல்லாம் ரங்கநாதன் மகிழ்ச்சியாக இருந்தார். உருவம் ஒன்று சாலை நடுவில் நின்றால்தான் பள்ளத்தின் ஆழம் தெரியும் என்று அவராகவே குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் மேட்டில் முக்காலியோடு நின்றேன். காதில் மாட்டிக்கொண்ட கைபேசியில் இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

அந்தச் சாலையில் அவ்வளவு காலம் நின்றவனுக்கு யார் எப்போது வருவார்கள் என்று தெரியும். வெங்காயம் பொதி செய்யும் கொட்டகைக்குப் போகிற லொறி, சூரியன் எழுவதற்குச் சற்று முன்னால் அந்தப் பள்ளத்தைக் கடக்கும். நான் அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதில்லை, லொறி வரும்போது ஒதுங்கச் சொன்னால் போதும் என்று நினைத்திருந்தேன்.

பீப்பாயிலிருந்து புகை நன்றாக இறங்கியது. ஆனால் வானம் கிழக்கே அடைத்துக் கிடந்தது. அன்றைக்கும் சூரியன் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சாம்பல் புகைக்குள் சாம்பலாக ஒரு மனிதர். அவ்வளவுதான் படம்.

அப்போதுதான் தூரத்து வளைவில் லொறி திரும்பியது. பழைய லொறி, மஞ்சள் விளக்குகள். அந்த வெளிச்சம் அவருக்குப் பின்னால் புகைக்குள் நுழைந்தபோது புகை முழுவதும் மெல்லப் பற்றிக்கொண்டது போல ஆனது. முதலில் தேன் நிறம். பிறகு பொன். குடையின் விளிம்பு எரிந்தது. நான் வாழ்நாளில் அப்படி ஓர் ஒளியைப் பார்த்ததில்லை.

"அண்ணே, ஏதோ வண்டிச் சத்தம் கேக்குது."

"அது வயலுக்குள்ள ஓடுற டிராக்டர்."

"கிட்டக்க கேக்குதேண்ணே."

"பள்ளத்துக்குள்ள அப்பிடித்தான் கேக்கும். நீர் அசையாதேயும், ரங்கன். வெளிச்சம் வந்திட்டுது. திரும்பிப் பாராமல் நில்லும்."

"சரிண்ணே" என்றார்.

அவர் அசையவில்லை. என்னை அவ்வளவு நம்பினார். நான் விரலை அழுத்திக்கொண்டே இருந்தேன். வேண்டிய படம் கிடைத்த பிறகும் அவரை ஒதுங்கச் சொல்ல நேரம் இருந்தது. அதிகம் இல்லை. ஆனால் இருந்தது.

அவசர உதவிக்கு அழைத்ததும் நான்தான். அதற்கு முன் பீப்பாயில் தண்ணீர் ஊற்றிக் காருக்குள் வைத்தேன். லொறி ஓட்டி வந்தவன் தீரஜ் என்ற பிஜிப் பையன். புல்லில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தான். என் மேலங்கியைக் கழற்றி அவனுக்குப் போர்த்திவிட்டேன். நீங்கள் வரும்வரை எனக்கு வேறு வேலை இருக்கவில்லை. இட்லியைச் சாப்பிட்டேன். இரண்டு பொதியையும்.

மூடுபனி என்று முதலில் சொன்னது நான். உங்கள் பொலிஸ் ஆட்கள் அப்படியே எழுதிக்கொண்டார்கள். அது தீரஜுக்கு உதவும் என்றுதான் நினைத்தேன். பனியில் வேகத்தைக் குறைக்கவில்லை என்று அவன்மேல் வழக்கு வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இப்போது அவன் எந்த வண்டியிலும் ஏறுவதில்லையாம். அவன் தாய் லச்மி என்னைக் கோயிலில் கண்டு, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதாள். பனி எவ்வளவு அடர்த்தி என்று நீங்கள்தானே பார்த்தீர்கள், நீதிமன்றத்தில் வந்து சொல்லுங்கள் என்றாள். சொல்கிறேன் என்றேன். அதற்குப் பிறகும் பல மாதங்கள் நான் நன்றாகத்தான் தூங்கினேன்.

பாக்யலட்சுமி தன் கணவரின் கடைசிப் படம் வேண்டும் என்று கேட்டார். கொடுக்காமல் இருந்திருக்கலாம். லொறியின் வடிவம் தெரிவதற்கு முன்னால் எடுத்த ஒன்றைக் கொடுத்தேன். பொன்னான ஒளிக்கு நடுவே குடையோடு ஒரு மனிதர், அவ்வளவுதான் தெரியும். அதைக் கழகத்தில் பெரிதாக்கி, அவர் நினைவாக நடந்த கண்காட்சியின் நடுச்சுவரில் மாட்டினார்கள். 'ரங்கநாதனின் கடைசி விடியல்' என்று கீழே ஓர் அட்டை. எடுத்தவர் பெயர் இல்லை. அவரே கமராவை ஊன்றிவிட்டுப் போய் நின்று எடுத்தது என்று பலர் நினைத்தார்கள். அந்த நடுவர் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாக்யலட்சுமி என் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாத்தீங்களாண்ணா, சூரியனே அவருக்குப் பின்னாடி வந்து நிக்குது. எங்க போனாலும் அவருக்குன்னு வரும்."

நான் தலையாட்டினேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் இன்று இங்கே வந்தேன். தீரஜ் இளம் பையன், அவன் வாழ்க்கை வீணாகக்கூடாது. அந்தப் பெண்ணுக்கும் உண்மை தெரிய வேண்டும். இவைதான் காரணங்கள். வேறு காரணம் இல்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். லொறி வருவது தெரிந்தே அவரை நடுச்சாலையில் நிற்கச் சொன்னேன். அவர் கேட்டபோது பொய் சொன்னேன். அவரைக் கொன்றது நான். தீரஜ் இல்லை.

இன்னும் ஒன்று, அம்மா. இதைத் தயவுசெய்து சரியாக மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். அன்று அந்தப் பள்ளத்தில் பனி இல்லை, சூரியனும் இல்லை. அந்த ஒளி முழுவதும் நான் உண்டாக்கியது. கழகத்தில் யாரிடமாவது சொல்லி, அட்டையில் என் பெயரைப் போட வைக்க முடியுமா என்று இந்த அதிகாரியிடம் கேளுங்கள்.