தேடற கட்டத்துல 'வா'

– ஃபோன்ல ஏதோ கோளாறு தம்பி. இத்தனை ஃபோனைப் பிரிச்சுப் போட்டிருக்கீங்க, இதையும் பிரிச்சுப் பாருங்க. நாலு மாசமா எழுதறேன், ஒரு பதிலும் வரல.

– முதல்ல உட்காருங்க டெய்லரண்ணே. கடைக்குள்ள அஞ்சாவது தடவை நடக்கறீங்க.

– உட்கார முடியல. பாதி தைச்ச சட்டையை மெஷின்லயே விட்டுட்டு வந்திருக்கேன்.

– சரி, எப்படி எழுதறீங்க? காட்டுங்க.

– இதோ, முகப்புலயே ஒரு கட்டம் இருக்குல்ல? அதுல 'வா'. அப்புறம் இந்தப் பூதக்கண்ணாடி. பாத்தீங்களா? பாட்டு வருது, படம் வருது, அகராதி வருது. என் பொண்ணு மட்டும் வரல.

– அண்ணே... இது லெட்டர் எழுதற கட்டம் இல்ல. தேடற கட்டம்.

– தேடத்தானே செய்யறேன்!

– பாருங்க, ரொம்ப சிம்பிள். உலகத்துல இருக்கற பக்கத்தையெல்லாம் ஒரு மெஷின் முன்னாடியே படிச்சு, எந்தச் சொல் எங்க இருக்குன்னு பட்டியல் போட்டு வெச்சிருக்கு. நீங்க 'வா'ன்னா, 'வா' இருக்கற பக்கத்தையெல்லாம் எடுத்து நீட்டும். அவ்வளவு சின்னச் சொல்லு, எங்கதான் இருக்காது? கோடிக்கணக்குல வந்து நிக்குது.

– கோடிப் பேரு கூப்பிடறாங்களா?

– பக்கம்ணே, ஆள் இல்ல. நிறையப் பேர் பாக்கறதை முன்வரிசையில நிறுத்தும். அதான் பாட்டு.

– அப்போ நான் எழுதினது அவளுக்குப் போகலையா?

– இந்தக் கட்டத்துலேர்ந்து யாருக்கும் போகாதுண்ணே.

– நாலு மாசம், தம்பி! தினம் கடை திறக்கறதுக்கு முன்னாடி. அவ இதுலதான் விரலை ஓட்டிட்டே இருப்பா. எழுதுவா, சிரிப்பா. எழுதினா பதில் வரும்னுதானே நான் நினைப்பேன்?

– ஃபோன் பண்ணிப் பேசலாமே?

– நம்பரை மாத்திட்டா. அவளுக்குப் பிடிச்சவனை எனக்குப் பிடிக்கல. 'வெளிய போ'ன்னு வாயை விட்டுட்டேன். இந்தப் பழைய ஃபோனைத் துணி வெட்டற மேஜைமேல வெச்சுட்டுக் கிளம்பிட்டா. இப்போ அவனையும் கூட்டிட்டே வரட்டுமே, யாரு வேண்டாங்கறா?

– அதையே எழுதியிருக்கலாமேண்ணே.

– ஊசி பிடிக்கற கை. இந்தக் கண்ணாடியில வழுக்குது. ரெண்டாவது எழுத்தைத் தேடறதுக்குள்ள விடிஞ்சுடும்.

– இருங்க, இருங்க. இது அவங்க ஃபோனா? அவங்க கணக்கு இன்னும் இதுல திறந்தே இருக்கு.

– இருந்தா?

– பாருங்க, புது ஃபோன்லயும் அவங்க இதே கணக்கை வெச்சிருந்தா, இங்க தேடறது அங்க தெரியும், அங்க தேடறது இங்க தெரியும். ரெண்டு ஃபோனுக்கும் ஒரே நோட்டு மாதிரி.

– தெரியுமா, தெரியாதா? ஒண்ணைச் சொல்லுங்க.

– பழைய தேடலையெல்லாம் திறக்கறேன்... 'வா'. 'வா'. 'வா'. ஒரு நாள்கூட விடல நீங்க.

– என்னோடதை எதுக்குப் படிக்கறீங்க? தள்ளுங்க!

– நடுவுல வேற இருக்கு. 'கடைவாய்ப் பல் வலிக்கு என்ன செய்யலாம்'...

– இடது பக்கம். சின்ன வயசுலேர்ந்தே அந்தப் பல்லுதான். தம்பி, அது அவதான்!

– பதறாதீங்க. நீங்க 'வா' போட்ட பத்து நிமிஷத்துல, தினமும் இன்னொரு தேடல் விழுந்திருக்கு. இந்த ஃபோன்லேர்ந்து இல்ல.

– என்ன தேடியிருக்கா? படிங்க!

– ஒரே வரிதாண்ணே. இன்னிக்கும், நேத்தும், போன மாசமும். 'யாரைக் கூப்பிடறே, அப்பா?'