ராட்சசக் கரப்பானுக்கு ஓர் அலறல்

கரப்பான் பூச்சி ரொம்பச் சாதுவான பிராணி சார். நீங்க மூஞ்சியைச் சுளிக்கிறது தெரியுது. எல்லாரும் அப்படித்தான்.

நான் வீடியோ கேம் கம்பெனியில அரக்கர்களை உருவாக்குறவன். வாளும் மந்திரமுமா ஒரு சாகச கேம் பண்ணிக்கிட்டிருந்தோம். அதுல குகைக்குள்ளேருந்து வர்ற யானை அளவு கரப்பான் என்னுது. கால்ல இருக்கிற முள்ளு ஒவ்வொண்ணும் நானே வரைஞ்சது. விளையாடிப் பார்க்க வெளியாளுங்களைக் கூட்டிட்டு வந்தாங்க. கரப்பான் வந்து நின்னதும் அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. "இதுக்கு வாள் எதுக்கு, செருப்பு போதுமே"ன்னான் ஒருத்தன். எங்க மேனேஜரும் கூடச் சேர்ந்து சிரிச்சிட்டு, கரப்பானைத் தூக்கிட்டு டிராகனைப் போடுன்னார்.

எனக்கு வயிறு எரிஞ்சுது. ஆனா குத்தம் எங்கேன்னு உடனே புரிஞ்சுபோச்சு. கரப்பானைப் பார்த்து வீரன் அலறுறது சுத்தப் பொய்யா இருந்துச்சு. அலறினது எங்க மாப்பிள்ளை, அதான், என் தங்கச்சி புருஷன். குரல் கலைஞர்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவரை, போனாப் போகுதுன்னு நான்தான் உள்ள சேர்த்துவிட்டேன். குழம்புல உப்பு கம்மின்னு சொல்ற மாதிரி அலறுவார். அதே ஆளு வீட்டுல நிஜக் கரப்பானைப் பார்த்தா கட்டில்மேல ஏறி நிப்பார். "அவருக்கு ரொம்ப மென்மையான மனசுண்ணா"ன்னு தங்கச்சி அதையும் பெருமையாச் சொல்லுவா. அவ தலையெழுத்து.

ஒரு லீவு நாள்ல, இன்னொரு தடவை பதிவு பண்ணலாம் வாங்கன்னு கூப்பிட்டேன். பதிவு அறைக்குள்ள போறவங்க சட்டைப்பையைக் காலி பண்ணிட்டுத்தான் போகணும். சின்னச் சலசலப்புகூட மைக்ல விழும். சாவி, சில்லறை, நெஞ்சு வலிச்சா நாக்குக்கு அடியில வச்சுக்கிற மாத்திரை அட்டை, எல்லாத்தையும் அவரே என் மேஜைமேல வச்சிட்டுப் போனார். நான் கேக்கவேயில்ல.

வெளியில கதவைப் பூட்டினேன். "அந்த அட்டைப்பெட்டியைத் திறங்க மாப்ளை, வசனம் அதுலதான் இருக்கு"ன்னு மைக்ல சொன்னேன். திறந்ததும் விளக்கை அணைச்சேன். பெட்டி நிறைய கரப்பான், நான் வளர்த்தது.

முதல் அலறல் பரவாயில்லை. அடுத்தது அருமை. அப்புறம் "மச்சான், கதவைத் திறங்க"ன்னார். கொஞ்ச நேரத்துல "மாத்திரை, மாத்திரை"ன்னார். வசனத்துல இல்லாததையெல்லாம் பேசுற பழக்கம் அவருக்கு எப்பவுமே உண்டு. அட்டை என் கைக்குப் பக்கத்துலதான் கிடந்துச்சு. இன்னொண்ணு நல்லாக் கிடைக்கும்னு காத்திருந்தேன். கிடைக்கல. சத்தமே நின்னுபோச்சு.

கரப்பான்களைப் பொறுக்கித்தான் மாளல. எல்லாத்தையும் எடுத்துட்டு ஆம்புலன்சுக்கு போன் பண்ணேன். மாரடைப்புன்னாங்க. தங்கச்சி என் தோள்ல சாஞ்சு அழுதா. முழுப் பதிவையும் நீங்க கேட்டுட்டீங்க, இனிமே மறைக்க என்ன இருக்கு? மாப்பிள்ளையைக் கொன்னது நான்தான். எழுதிக்குங்க.

கடைசியா ஒரு தடவைன்னு மேனேஜர்கிட்டக் கெஞ்சி, கரப்பானுக்கு அந்த அலறலைச் சேர்த்துட்டு, மறுபடியும் ஆளுங்களைக் கூப்பிட்டு விளையாட விட்டோம். கரப்பான் வந்துச்சு. மாப்பிள்ளை அலறினார். எல்லாரும் சிரிச்சாங்க. என்ன சார் பண்றது, உசுரு போற நேரத்துலகூட அந்த ஆளுக்கு ஒழுங்கா அலறத் தெரியல.