கயிறு பிடித்தவள்

ஐம்பதைத் தாண்டிய பிறகு புதிதாக ஏதாவது கற்றுக்கொண்டால் உடம்புக்கும் மனதுக்கும் நல்லது என்பார்கள். என் வயதுப் பெண்கள் பின்னல் வகுப்புக்கும் தேவாலயப் பாட்டுக் குழுவுக்கும் போனார்கள். நான் உறைந்த அருவியில் ஏறக் கற்றுக்கொண்டேன்.

இந்த மலைப்பள்ளத்தாக்கு ஊரான ரியூக்கானிலேயே பிறந்து வளர்ந்தும் அதுவரை நான் அந்தப் பனிச்சுவரைத் தொட்டதில்லை. ரொட்டிக்கடை அடுப்பு முன்னால் நின்றே காலத்தை ஓட்டியவள் நான். குளிரில் தொங்குவதெல்லாம் என் தம்பி டார்யையின் கிறுக்கு. அருவிகள் உறைந்ததும் அவனும் அவன் கூட்டாளி ஸ்டைனரும் பனியில் கொத்தி ஏறும் கோடாரியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். போன வருடம் ஜனவரியில் டார்யை ஏறிக்கொண்டிருந்தபோது பனி பெயர்ந்து விழுந்தான். கீழே கயிறு பிடித்திருந்தவன் ஸ்டைனர். கயிறு அவன் கையை விட்டு ஓடிவிட்டது. தம்பி தரையில் வந்து விழுந்தான். "கை மரத்துப்போச்சுக்கா, புடிக்கவே முடியல" என்றான் ஸ்டைனர்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று கேட்பார்கள். எங்கள் ஊரில் உண்டு. கயிறு பிடித்தவனிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது, அது இங்கே வழக்கம். மலை எடுத்துக்கொண்டது என்று சொல்லிக் காப்பி ஊற்றிக் கொடுப்பார்கள். அடக்கம் முடிந்த அன்று நானும் அவனுக்கு ஊற்றிக் கொடுத்தேன். கோப்பையை அவன் நன்றாகத்தான் பிடித்திருந்தான்.

போலீஸ் அதிகாரி அம்மா, நான் கொதிக்கிற தட்டை வெறும் துணி வைத்து எடுக்கிறவள். தோல் பொசுங்கியிருக்கிறது, தட்டைக் கீழே போட்டதில்லை. ரொட்டிக்கே என் கை விடவில்லை என்றால் என் தம்பிக்கு மட்டும் அவன் கை எப்படி விட்டது? சோறு தண்ணி இறங்கவில்லை எனக்கு. கேட்கவும் கூடாது. அதனால் என் கையாலேயே தெரிந்துகொள்ளலாம் என்று போனேன்.

"எனக்கும் சொல்லிக் குடுடா" என்றபோது ஸ்டைனர் அழுதுவிட்டான். மன்னித்துவிட்டேன் என்று நினைத்திருப்பான், பாவம்.

ஆரம்பம் கண்றாவியாகத்தான் இருந்தது. காலணியில் இரும்பு முள்ளைக் கட்டிக்கொண்டு வாத்து மாதிரி நடந்தேன். கோடாரியை ஓங்கி ஓங்கி அடித்ததில் பனிச்சில்லெல்லாம் என் மூக்கிலேயே தெறித்தது.

"அக்கா, வெறகா பொளக்கறீங்க? மணிக்கட்ட லேசா சொடுக்குங்க, போதும்."

"வாய மூடிட்டுக் கயித்தப் புடிடா."

"குதிகால எறக்குங்க. இல்லன்னா காலு தையல் மிஷின் மாதிரி ஆடும்."

ஆடியது. "டார்யை இதப் பாத்திருந்தா விழுந்து விழுந்து சிரிச்சிருப்பான்க்கா" என்றான். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் பொய் இல்லை. அவனோடு இருந்த நேரங்களில்தான் தம்பி பக்கத்தில் இருக்கிற மாதிரி இருந்தது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு கயிறு பிடிக்கச் சொல்லிக்கொடுத்தான். இடுப்பில் மாட்டிய இரும்புக்குள் கயிறு நுழைந்து போகும். இரும்புக்குக் கீழே கயிற்றைப் பிடிக்கிற கீழ்க்கை இறுக்கிப் பிடித்தால் மேலே விழுகிறவன் அப்படியே நின்றுவிடுவான். "கீழ்க்கைய மட்டும் விடவே கூடாதுக்கா. வீடே பத்தி எரிஞ்சாலும்." சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றே இரண்டு ஜோடிக் கையுறை கொடுத்தான். "ஒண்ணு நனைஞ்சா ஒடனே மாத்திடுங்க. நனைஞ்சதோட நின்னா வெரல் இருக்கறதே தெரியாது. அன்னிக்கு மேலேர்ந்து தண்ணி ஒழுகிட்டே இருந்துச்சு. எங்கிட்ட வேற ஜோடி இல்ல." நான் கேட்காமலேயே சொன்னான். சாக்கு சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

குளிர்காலம் முழுக்க மலை மறைத்திருந்த வெயில் எங்கள் பள்ளத்தாக்குக்குத் திரும்பிய வாரம் அது. நாங்கள் இருவர் மட்டும் போனோம். என் முடிச்சை அவன் தொட்டுப் பார்த்தான், அவன் முடிச்சை நான் தொட்டுப் பார்த்தேன். அவன் பனியில் திருகாணிகளை இறக்கிக் கயிற்றை மாட்டியபடியே ஏறினான். உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாளம் பெயர்ந்தது. விழுந்தான். கயிறு என்னை இழுத்துச் சுவரில் மோதவைத்தது. நான் விடவில்லை. அவன் நடுவானில் ஆடிக்கொண்டு நின்றான்.

"அம்மாடி! அக்கா, புடிச்சிட்டீங்க! இனிமே உங்கள யாரு புதுசுன்னு சொல்லுவா!"

அவன் டார்யையைவிடக் கனமானவன். அப்படியும் நின்றுவிட்டான். அப்போதுதான் கேட்டேன், வழக்கத்தை மீறி.

"அவனயும் இப்படிப் புடிச்சிருக்கலாம்லடா?"

சிரிப்பு நின்றுபோனது. கயிற்றில் மெல்லச் சுழன்றுகொண்டே என்னைப் பார்த்தான். "புடிக்கத்தான்க்கா பாத்தேன்" என்றான். கெஞ்சவில்லை.

பிறகு அவன் விழுந்தான்.

ஊரில் என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள். பக்கத்து வீட்டு ஓஸ்னே வாஃபிள் அப்பம் சுட்டு, பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்துக் கொண்டுவந்தாள். "நீ புதுசு, உம்மேல என்ன தப்பு? மலை எடுத்துக்கிச்சு" என்று என் தலையைத் தடவினாள். ஸ்டைனரின் அம்மாவும் வந்து எனக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். கோப்பையை என்னால் பிடிக்க முடியவில்லை. யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவரும் கேட்கவில்லை. அதனால்தான் நானே இங்கே வந்தேன்.

கயிறு நழுவவில்லை அம்மா. நான்தான் கையைத் திறந்தேன். அவன் எனக்கும் தம்பி மாதிரிதான், இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து அழுகிறேன். ஆனால் அவன் சொன்னது பொய் என்பது அன்று தெளிவாகிவிட்டது. பிடிக்க நினைக்கிற கை பிடிக்கும். என் விரல்கள் கதகதப்பாக இருந்தன, ஒவ்வொரு விரலும் எனக்குத் தெரிந்தது. காலையில் போட்டிருந்த கையுறை நனைந்துவிட்டது என்று, அவன் ஏறுவதற்கு முன்னால் அவன் கொடுத்த இரண்டாவது ஜோடியை மாற்றிக்கொண்டிருந்தேன்.