ஆற்றோர பாரில் ஒரு மத்தியான விருந்து

மழை பெய்தால் மலாக்கா ஆறு கொஞ்சம் குறைவாக நாறும். அதனால்தான் அப்பாசாமி மழைக்காலமாகப் பார்த்து என்னை விருந்துக்கு அழைத்திருக்கிறான் என்று நினைத்தேன். கெட்டிக்காரன். எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. நான் நிதானமாகத்தான் பேசுவேன். காலமெல்லாம் துரைமார்களுக்குப் பரிமாறியவன், அவசரப்பட்டுப் பழக்கமில்லை.

பெயர் பொன்னுதுரை. வீடு காஜா பெராங்கில். கிராண்ட் டைனிங் ரூம் என்று இப்போது பலகை மாட்டியிருக்கிறார்களே, சுதந்திரத்துக்கு முன்னால் அது வெறும் பார். டச்சுக்காரன் கட்டிய கிடங்கில் இங்கிலீஷ்காரன் பியர் ஊற்றினான். இரண்டு சாம்ராஜ்யங்களும் சேர்ந்து அந்தக் கட்டடத்துக்குச் செய்த ஒரே நன்மை, ஆற்றுப் பக்கம் ஒரு பின்வாசலும் நாலு படியும் வைத்ததுதான். துரைமார் வாந்தி எடுக்க வசதி.

நான் அங்கே ஹெட் பாய். நரைத்த பிறகும் பாய்தான், அதாவது பையன். என் பெயரிலேயே துரை இருந்ததால் அவர்களில் யாருக்கும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வரவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. எனக்குக் கீழேயும் ஆட்கள் இருந்தார்கள். அதில் கடைசி ஆள் அப்பாசாமி. செங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோப்பை கழுவ வந்தவன். கோப்பை உடைந்தால் அவன் கன்னத்தில் ஒன்று வைப்பேன். உடையாத நாளிலும் சில சமயம் வைப்பேன். நாளைக்கும் உடையாமல் இருக்க வேண்டுமே.

ஒருமுறை ஒரு துரைசானியின் தங்கக் கைக்கடிகாரம் காணாமல் போனது. யார் எடுத்தது என்று கேட்டார்கள். அப்பாசாமி என்றேன். யார் பெயரையாவது சொல்லித்தானே ஆகவேண்டும். என் பெயரைச் சொன்னால் மறுநாள் பாரை யார் திறப்பது? அவன் ஆறு மாதம் ஜெயிலுக்குப் போனான். கடிகாரம் இன்னும் நேரம் தவறாமல் ஓடுகிறது.

பிறகு துரைமார் கப்பலேறினார்கள். ஒருவர் பாதி குடித்த விஸ்கி பாட்டிலை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாசாமியோ இதற்குள் தெங்கேராவில் சாப்பாட்டுக் கடை போட்டு, எங்கள் பக்கத்துச் செட்டிப் பெண் பாக்கியலட்சுமியைக் கட்டி, அவள் கைப்பக்குவத்தால் பெரிய ஆளாகியிருந்தான். பூட்டிக் கிடந்த பாரை அவனே எடுத்தான். ஒருநாள் காரில் என் வீட்டு வாசலில் வந்து இறங்கினான்.

"அண்ணே, ஞாயித்துக்கெழம மத்தியானம் நீங்க வந்து சாப்பிடணும். நீங்க வராம அந்த எடத்த தொறந்த மாரியே எனக்கு இல்ல."

போனேன். ராணி படம் தொங்கிய ஆணியில் புது நாட்டுக் கொடி. பழைய மேசைகள்தான், மாலுமிகள் ஏறி ஆடிய காயத்தையெல்லாம் வெள்ளைத் துணி போட்டு மூடியிருந்தான். புது நாட்டின் புதுத் துரைமார், வக்கீல்களும் வாத்தியார்களும், முள்கரண்டியைத் திருப்புளி மாதிரி பிடித்துக்கொண்டு மீனோடு போராடிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாசாமி எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான். மடியில் துணியை அவனே விரித்தான். இடது பக்கமாக வந்து பரிமாறினான். ஒரு குறை கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. அதனால் சோறு இறங்கவில்லை.

பாக்கியலட்சுமி சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மலாக்காச் செட்டிகள் வீட்டில் பேச்சு மலாய்தான். "மாக்கான், அபாங், மாக்கான்," என்று, அண்ணா சாப்பிடுங்கள் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.

"இவருதான் எனக்கு வேல கத்துக்குடுத்தவரு," என்று அப்பாசாமி பக்கத்து மேசைக்குச் சொன்னான். ஒரு வக்கீல் எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். ஆயுளில் முதல் தடவை. அதுவும் அப்பாசாமியின் தயவில்.

மழை வலுத்தது. சாப்பிட்டவர்கள் கிளம்பிவிட்டார்கள். பின்வாசலில் புதிதாகப் படகுத்துறை கட்டப் போவதாகவும், விருந்தாளிகள் சம்பான் படகிலேயே வந்து இறங்கலாம் என்றும் சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு என்னை அங்கே அழைத்துப் போனான். ஒரு படி கீழே நின்று, தான் நனைந்துகொண்டு, எனக்குக் குடை பிடித்தான்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அந்த வாட்ச நீங்க எடுத்தது எனக்கு அன்னைக்கே தெரியும். உங்க சட்டப் பையில பாத்தேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"உங்க மக அப்ப காய்ச்சல்ல கெடந்துச்சு. நீங்க உள்ள போயிட்டா அத யாரு பாக்குறது? எனக்கு யாரு இருந்தா? நான் போய்ட்டு வந்துட்டேன். மனசுல ஒண்ணுமில்லண்ணே. நீங்களும் அதச் சொமக்க வேணாம்."

நான் எதையும் சுமக்கவில்லை, ஐயா. படுத்தால் தூங்குகிறவன். மன்னிப்பு என்பது மேலே இருப்பவன் கீழே இருப்பவனுக்குக் கொடுப்பது. டிப்ஸ் மாதிரி. கோப்பை கழுவியவன் அதை என் கையில் வைத்தான்.

படியில் பாசி, அவன் வழுக்கினான் என்று உங்கள் ஆட்கள் முதலில் எழுதியது தப்பில்லை. அப்போது என் கை அவன் தோளில் இருந்தது. தள்ளினேன் என்று சொல்ல மாட்டேன், நகர்த்தினேன். சம்பான்காரர் முகம்மது பாலத்தடியிலிருந்து பார்த்ததாகச் சொல்கிறீர்கள். அந்த மழையில் அவ்வளவு தூரம் தெரிந்திருக்காது. ஆனாலும் அவர் சொல்வது சரிதான்.

அப்பாசாமிக்கு நீச்சல் தெரியாது. கடைசிப் படியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, கை குடுங்க," என்றான். நான் இறங்கினேன். அவன் முகம் தெளிந்தது. அவன் விரல்மேல் என் ஷூவை வைத்தேன்.

"அண்ணே, பாத்து, வழுக்கும்," என்றான்.

என் கால் தவறிப் பட்டுவிட்டது என்று நினைத்திருக்கிறான். எனக்காகக் கவலைப்படுகிறான். அந்த நேரத்தில்கூட அவனுக்கு அடக்கம் வரவில்லை. அதனால் அடுத்த கையையும் மிதித்தேன். குடை கொஞ்ச தூரம் அவனோடு போனது.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். பாக்கியலட்சுமி புட்டிங் கொண்டுவந்து வைத்து, அவர் எங்கே என்று கேட்டாள். ஆற்றுப் பக்கம் இருக்கிறான் என்றேன். பொய் சொல்லவில்லை. புட்டிங்கில் சர்க்கரை ஒரு பிடி அதிகம். ஆனாலும் முழுக்கச் சாப்பிட்டேன்; மிச்சம் வைத்தால் சமைத்தவளுக்கு அவமரியாதை.

செமாபோக் கடற்கரையில் அவன் உடல் ஒதுங்கியபோது நான்தான் போய் அடையாளம் காட்டினேன். பிள்ளை இல்லாததால் அண்ணன் ஸ்தானத்தில் கொள்ளி வைக்கச் சொல்லி அவள் அழுதாள். அதையும் செய்தேன்.

பொறாமையில் கொன்றேன் என்று மட்டும் எழுதாதீர்கள். கொன்றேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சனிக்கிழமை அங்கே ஒரு கல்யாண விருந்து இருக்கிறது. பாக்கியலட்சுமிக்குச் சமைக்கத்தான் தெரியும்; பரிமாறுகிறவர்களை மேய்க்க ஆள் கிடையாது. அதற்குள் என்னை விட்டால் நான் போய் நின்று பார்த்துக்கொள்வேன். பழகியவன் வீட்டில் ஒரு கஷ்டம் என்றால் ஒதுங்கி நிற்க எனக்கு மனசு வராது, ஐயா.