கீழ்வீடு வாடகைக்கு, மேல்வீட்டில் வயலின்

தண்ணி பத்தலைன்னு காலி பண்ணாங்களாம், தண்ணி! கேட்டீங்களா தம்பி கதைய? இப்பத்தானே கீழ்வீட்டுல கொழாயத் தொறந்து காமிச்சேன், எப்பிடிக் கொட்டுச்சு? இந்த மைசூரு மண்டி மொஹல்லாவுல வேற எந்த ஊட்டுல இப்பிடி வருதுன்னு போயி விசாரிங்க. மின்னக் குடியிருந்த அந்தக் கேசவமூர்த்தி சம்சாரம் வாய் கூசாமச் சொல்லிட்டுப் போச்சு. அதுக்கப்பறம் வந்த மோகனப்ரியா பொண்ணுக்கு காத்து வரலையாம். ரெண்டு பக்கமும் சன்னலு, காத்து வராம எங்க போகும்? ஹௌதா இல்லியா, நீங்களே சொல்லுங்க... உக்காருங்க, காப்பி ஆறிப்போகுது. நம்ம ஊரு கௌதள்ளிப் பக்கத்துப் பையன்னு எங்கூட்டுக்காரரு சொன்னப்பறந்தான் மனசு நிம்மதியாச்சு. நம்மாளுகன்னா கொஞ்சம் அனுசரிச்சுப் போவீங்கல்ல? ம்?

அதா... சுவத்துல மாட்டியிருக்கறதா? கிட்டாருங்க. என்னுதுதான்! அவருதுன்னு நெனச்சீங்களா? எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கறாங்க. அந்த மனுசனுக்குக் கை தட்டுனாக்கூடத் தாளம் நிக்காது. மைசூருல ஆர்கெஸ்ட்ரான்னா பொம்பளைங்க பாட வருவாங்க. கிட்டார எடுத்துத் தோள்ல மாட்டுனவ இந்தப் பாக்கியலட்சுமி ஒருத்திதான். கணேசா பண்டலு, கல்யாண ரிசப்ஷன், தசரா வந்தா தசரா மேடை... தெருவுல நடந்தா 'கிட்டார் அக்கா'ம்பாங்க. இப்ப ஆர்கெஸ்ட்ரா எங்க இருக்குது? ஒரு பென்டிரைவச் சொருகுனா அதுவே அத்தனையும் வாசிக்குது. பாடறவன் வாய அசைச்சுட்டு மால வாங்கிட்டுப் போறான்.

சரி, கெடக்குது, வயலின் கத்துக்கலாம்னு போனனுங்க. ஆறு கம்பிய ஆட்டி வெச்சவளுக்கு நாலு கம்பி என்ன பிரமாதம்? ஒரு மாசத்துல கச்சேரின்னேன். அவருகிட்ட மட்டுமில்ல, தெருவுக்கே சொன்னேன். ஒரு வருசமாச்சு. பாக்கறவங்க எல்லாம் 'கச்சேரி எப்பக்கா?'ங்கறாங்க. வேல வெட்டி இல்லாதவங்க.

அந்த டீச்சரு வைதேஹி இருக்குதே... மேல்கோட்டை அய்யங்கார் வீட்டுப் பொண்ணு, எனக்கு மக வயசு. மொத நாளு போயி, வயலின மடியில போட்டுக்கிட்டு விரலாலயே ஒரு பாட்ட டிங் டிங்னு எடுத்துவுட்டேன். அசந்துரும்னு பாத்தா, 'நன்னா இருக்குக்கா, இனிமே அதையெல்லாம் மறந்துடுங்கோ'ன்னுச்சு. மறக்கறதாமா! சோறு போட்டத மறக்கச் சொன்னா எப்பிடிங்க? அப்பறம் கீழ சம்மணம் போட்டு உக்கார வெச்சு, வயலின் தலையக் கணுக்கால்ல சாய்ச்சு... ஸா. பொழுதுக்கும் ஸா. மூணு மாசம் வேற ஒரு எழுத்து சொல்லித் தரலைங்க.

கிட்டார்ல பாருங்க, கட்டம் கட்டமா ஃப்ரெட்டு இருக்கும். கட்டத்துக்குள்ள வெரல எங்க வெச்சாலும் சுரம் ஓடிப்போகாது. இதுல? மொட்டக் கட்டை! ஒரு எள்ளளவு தள்ளி வெச்சா ரி வேற ஊருக்குப் போயிருது. நான் விடுவனா? ஸ்டிக்கர் பொட்ட எடுத்து எடத்துக்கு எடம் ஒட்டிட்டுப் போனேன். அந்தப் பொண்ணு ஒவ்வொண்ணா உரிச்சு என் கையில குடுத்து, 'இது நெத்திக்குக்கா'ன்னுச்சு. கூட உக்காந்திருந்த வாண்டுகெல்லாம் சிரிக்குது. எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம்னு இருந்துச்சு.

அப்பறம் இந்த வில்லு. அதுல கட்டியிருக்கறது குதிர முடின்னாங்க. முடின்னா எண்ணெய் வெப்பாங்களா மாட்டாங்களா? கிட்டார் கம்பிக்கும் மழக்காலத்துல துருப்புடிக்காம எண்ணெய் தொட்டுத் தொடச்சுத்தான் எனக்குப் பழக்கம். நல்ல தேங்கா எண்ணெயா எடுத்து நுனி வரைக்கும் நீவிவிட்டேன். அவ்வளவுதான், வில்லு ஊமையாயிருச்சு! இழுத்தா வழுக்கிட்டுப் போகுது, முணுக்குனு ஒரு சத்தமில்ல. நானும் எதமா வாசிக்க வந்துருச்சுன்னு நெனச்சுட்டேன். பொட்டு ஒட்டுனதுலருந்து கிளாசுல டீச்சரோட வயலின், வில்லுலதான் நான் வாசிக்கறது, அதனால அங்க யாருக்கும் தெரியல. கேசவமூர்த்தி குடும்பம் அப்பத்தான் குடிவந்தாங்க. 'எவ்வளவு அமைதியான வீடு'ன்னு அந்தம்மா பூரிச்சுப்போச்சு. ஒரு நாளு நான் வில்லக் கொண்டுபோய்க் காட்டப்போக, டீச்சரம்மா மோந்து பாத்துட்டுத் தலையில அடிச்சுக்கிச்சு. புது வில்லு வாங்க வெச்சு, ரோசின்னு ஒரு பிசின் கட்டிய வில்லு முடியில தேய்க்கச் சொல்லிக் குடுத்துச்சு. வில்லு பேச ஆரம்பிச்சுச்சா... அந்த வாரமே அவங்களுக்குத் தண்ணி பத்தாமப் போச்சு.

என்னங்க சிரிக்கறீங்க?

எங்கூட்டுக்காரரு ரத்தினவேல் என்ன யோசன சொல்றாருங்கறீங்க? 'ஆளு குடிவர்ற வரைக்கும் அந்தப் பழைய வில்லுலயே வாசி'ங்கறாரு. மோசடி! முடியாதுன்னுட்டேன். அதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு, இந்தத் தடவ ஆளு வரலேன்னா வயலின வித்துரணும்னு கண்டிசன் போட்டுட்டாரு. சொன்னாச் செய்யற ஆளுங்க. இப்ப நீங்கதான் தம்பி... நெசமாச் சொல்றேன், மேடையெல்லாம் போச்சு, அழுதுட்டு விட்டுட்டேன். இதையும் புடுங்கிட்டாங்கன்னா சோத்தப் பொங்கி வெச்சுட்டு சுவத்தப் பாத்து உக்காந்திருக்க வேண்டியதுதான். என்னால முடியாதுங்க. வாசிக்கத் தெரியாமக்கூட இருந்துக்கறேன், வாசிக்காம இருக்க முடியாது.

அதனாலதான் ஒளிவு மறைவே வேணாங்கறேன். நீங்களே கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. இருங்க, எந்திரிக்காதீங்க, ஒரே நிமிசம்... போனு அப்பறமாப் பேசிக்கலாம்... கேளுங்க. ஸா... ரி... இது ரி இல்ல, பக்கத்துல இருக்குது, இப்ப வரும்... ஆங். கா... மா... கண்ணத் தொறந்திருந்தா வெரலு கட்டத்தத் தேடும், அதனால மூடிக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. பா... தா... கதவு காத்துல கிறீச்சுங்குதுங்க, விடுங்க... நீ... இந்த மேல் ஸா எனக்கு எப்பவும் நழுவிரும், இத்தன நாள்ல ஒருதரங்கூட... ஸா...

ஐயோ! வந்துருச்சுங்க! வந்துருச்சு! கேட்டீங்களா? நான் தொடாமயே கீழ்க்கம்பி கூடச் சேந்து அதிர்ந்துச்சே! அப்பிடித்தான் அதிரணும்னு டீச்சரம்மா சொல்லும்... கேட்டீங்கல்ல தம்பி? தம்பி?

...தம்பீ! ஏனுங்க! ஹெல்மெட்ட விட்டுட்டு வண்டிய எடுக்கறீங்களே!

போ சாமி, போ. காப்பி மட்டும் சுத்தமாக் குடிச்சிருக்கான். காதிருந்தும் கேக்காதவனுக்கெல்லாம் நான் வீடு விடறதில்ல...

யாரது படியில? ஏங்க, நீங்களா? வழியில பாத்தீங்களா அவன? அந்தப் பையன் வேணாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். நெம்பப் பேசறான்... அது கெடக்கட்டும், அப்பிடி மொறைக்காதீங்க, மொதல்ல இங்க வந்து உக்காருங்க. மேல் ஸா வந்துருச்சுங்க! இதக் கேட்டா நீங்களே விக்க மாட்டீங்க. கேளுங்க. பா... தா... நீ... ஸா...

ச்சே.

இருங்க... ஸா...

இப்பத்தான் வந்துச்சுங்க. சத்தியமா, நீங்க வர்றதுக்கு மின்னாடிதான் வந்துச்சு.