காற்று வந்து போகும் வழி

டீ நன்றாகவே இருந்தது சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். என் தங்கை போடும் டீயும் இப்படித்தான் இருக்கும். கேட்டால், "உன் மூஞ்சிக்கு இந்த இனிப்பாவது உள்ள போகட்டும்" என்பாள்.

வீட்டில் எதற்குச் சிலந்தி என்று கேட்டீர்கள். எல்லாரும் கேட்பதுதான். எனக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிற வேலை. நாள் பூராவும் அடுத்தவர் கண்ணுக்கு உழைத்துவிட்டு வருகிறவனுக்கு, தன் கண்ணுக்கென்று ஏதாவது வேண்டாமா? இவை மரத்தில் வாழும் பெரிய சிலந்திகள். வளர்ந்தால் உள்ளங்கை அகலம் வரும், உடம்பெல்லாம் முடி. நான் வாங்குவது குஞ்சுகளை. மிளகளவுதான் இருக்கும். சேர்த்து வைத்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும் என்பதால் ஆளுக்கொரு டப்பா, உள்ளே சாய்த்து வைத்த ஒரு மரப்பட்டை, அடியில் கொஞ்சம் தேங்காய் நார்த்தூள். சின்ன அறை முழுக்க அலமாரி போட்டு அடுக்கியிருந்தேன். அதுகளுக்குக் குளிர் ஆகாது. அந்த அறை ஜன்னலின் இடுக்கையெல்லாம் பசைநாடா ஒட்டி அடைத்துவிட்டேன்.

முதலில் வாங்கியவை வரிசையாகச் செத்தன. மூடியில் துளை போட்டிருந்தேன், தண்ணீரும் தெளித்தேன், வேளைக்குப் பூச்சியும் போட்டேன். என்ன குறை வைத்தேன் என்று புரியவில்லை. கண்டுபிடித்தது தங்கைதான். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. டப்பா ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள்.

"மேல மட்டும் ஓட்ட போட்டா எப்படிண்ணா? காத்து வந்தா மட்டும் போதுமா, வந்த காத்து போக வழி வேணாமா? புழுங்கிச் செத்திருக்கு பாவம். மூச்சு முட்டுறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா?"

அன்றைக்கே ஊசியைச் சுட்டு, ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு பக்கம் கீழே, எதிர்ப்பக்கம் மேலே துளை போட்டேன். அதன் பிறகு ஒன்றுகூடச் சாகவில்லை. "உன் பிள்ளைங்களுக்கு நான்தான் அத்தை, மறந்துடாத" என்று சொல்லிக்காட்டுவாள்.

அம்மா போனபோது அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாள். தலை பின்னிவிட்டதும் நான்தான், இழுப்பு வந்தால் தோளில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவிக்கொடுத்ததும் நான்தான். எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் அவளைச் சொல்லித் தள்ளிப்போட்டேன். அப்புறம் அந்தப் பேச்சே வரவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை சார். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

சிலந்தி வளர்க்கிறவனுக்குப் பொறுமைதான் முக்கியம். தோலுரிக்கிற காலம் வந்தால் அது சாப்பிடாது. ஒரு மூலையில் வலையைப் பின்னி வாசலை அடைத்துக்கொள்ளும். அப்போது திறக்கக் கூடாது, தொடக் கூடாது, இரை போடக் கூடாது. சில நேரம் மல்லாந்து கிடக்கும். விவரம் தெரியாதவர்கள் செத்துவிட்டது என்று தூக்கி எறிந்துவிடுவார்கள். பேசாமல் விட்டுவிட்டால் பழைய தோலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுசாக வரும். டப்பா அதேதான், சிலந்தியும் அதேதான்.

போன மாதம் தங்கை சரியாகச் சாப்பிடவில்லை. தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போவாள். நான் எதுவும் கேட்கவில்லை. தானாகச் சரியாகட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு சாயங்காலம் நான் குஞ்சுகளை இடம் மாற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் வந்து நின்றாள்.

"இடுக்கிய வச்சுட்டு என்னைக் கொஞ்சம் பாரேன்."

பார்த்தேன். அவள் வேலை பார்க்கும் மருந்துக்கடைக்குப் பக்கத்தில் ரத்தப் பரிசோதனை நிலையம் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கிற பையனை அவளுக்குப் பிடித்திருக்கிறதாம். அவனுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறதாம். இவளும் போகிறாளாம், அங்கேயே பதிவுத் திருமணமாம்.

"நீயும் வந்துடுண்ணா. லென்ஸ் எல்லா ஊர்லயும்தான் தேய்க்கிறாங்க."

"உன் இஷ்டம்மா" என்றேன். அவள் அழுதுகொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று அப்போதுதான் தெரிந்தது. பாவமாக இருந்தது.

கிளம்புகிற அன்று காலை நான் சின்ன அறையில் நார்த்தூள் சலித்தேன். ஆமாம், காய்ந்த தூள். புகை மாதிரி எழும்பும். நான் சலிக்கிற நாளில் அவள் அந்தப் பக்கமே வரமாட்டாள். அன்று சலித்ததை அவளிடம் சொல்லவில்லை. சலித்துமுடித்து, சல்லடையைக் கழுவி, கைகாலும் கழுவிக்கொண்டேன். அவள் பெட்டியைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். கைப்பை நாற்காலியில் இருந்தது.

"பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டுப் போம்மா" என்றேன்.

"ஐயோ, அதுங்கள மறந்தே போயிட்டேன் பாரு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நான் வெளியே தாழ்ப்பாள் போட்டேன்.

ஆத்திரத்தில் செய்தேனா என்று காலையிலிருந்து கேட்கிறீர்கள். எனக்கு ஆத்திரமே வராது சார், கடையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். அவளைக் கொஞ்ச நேரம் தொந்தரவில்லாமல் விட்டால் மனசு மாறிவிடும் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்து அவள் பையை மடியில் வைத்துக்கொண்டேன். முதலில், "விளையாடாத, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். அப்புறம் இருமினாள். அப்புறம் கதவைத் தட்டினாள்.

"அண்ணா, போகலண்ணா. நான் எங்கயும் போகல. பையை மட்டும் குடு."

பைக்குள் அவளுடைய போன் அடித்தது. எடுத்தேன். அந்தப் பையன்தான். "அவ மனசு மாறிட்டா தம்பி, நீங்க கிளம்புங்க" என்றேன். பொய் சொன்னதாக நினைக்கவில்லை. அவளே தன் வாயால் சொன்னதுதானே.

தட்டுவது மெதுவாக, இடைவெளி விட்டு, பிறகு நின்றுபோனது. திறந்து பார்த்தேன். அலமாரிக்குக் கீழே மல்லாந்து படுத்திருந்தாள். ஒரு கை ஜன்னல் பக்கம் நீண்டிருந்தது. பசைநாடாவை நகத்தால் ஓர் ஓரம் உரித்திருக்கிறாள். நான் தொடவில்லை. கதவைச் சாத்திவிட்டு வெளியே காத்திருந்தேன். அந்தப் பையன் வந்து, என்னைத் தள்ளிவிட்டுக் கதவைத் திறக்கும்வரை காத்திருந்தேன்.

அவளுடைய மருந்து பையில் இருந்தது தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். இழுப்பு வந்தால் வாயில் வைத்து உறிஞ்சுகிற பழைய பம்ப், நான் வாங்கிக் கொடுத்ததுதான். அது கைக்கு எட்டாவிட்டால் என்ன ஆகும் என்பது என்னைவிட யாருக்குத் தெரியும்? மடியில் வைத்துக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். நான்தான் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

வீட்டைப் பூட்டி சீல் வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். ஒரே ஒரு உதவி சார். யாரையாவது அனுப்பி அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடச் சொல்லுங்கள். சின்னக் குஞ்சுகள். மூச்சு முட்டினால் அதுகளுக்குக் கதவைத் தட்டத் தெரியாது.